சண்டை போடாத வெண்குழியங்கள்

கொட்டாஞ்சேனையில், பழைய வெங்காயக் கிட்டங்கி ஒன்றின் மேல்மாடியில், நாட்டின் நோயெதிர்ப்புச் சக்தி தயாராகிக்கொண்டிருந்தது. கீழே இன்னமும் வெங்காயம்தான். மேலே 'ஒட்சியேற்ற எதிர்ப்பு மற்றும் வெண்குழிய மேம்பாட்டு நிறுவகம்' என்று மூன்று மொழிகளிலும் பலகை தொங்கியது. எந்த மொழியில் வாசித்தாலும் ஒன்றும் விளங்காதபடி எழுதப்பட்டிருந்ததால் அந்த இடத்தின் மேல் சனங்களுக்குத் தனி மரியாதை இருந்தது. விளங்காததைக் கும்பிடுவதில் நாங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

நிறுவகத்தின் கொள்கை சுருக்கமானது. மனித உடம்பு உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் ஒட்சிசன். அதற்காக மூச்சு விடாமல் இருக்க முடியாது என்பதை நிறுவகமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே துருவைத் தடுக்க 'அக்கினிசாந்தி' என்றொரு குளிசையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குள் நெல்லிக்கனி, மங்குஸ்தான் தோல், இவற்றோடு 'வேறு சிலதும்' இருந்தன. அந்த வேறு சிலது என்ன என்று கேட்பது நாகரிகமில்லை என்று வரவேற்பறையிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இந்த இடத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தவர்தான் நாகேந்திரம். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் குசினி அலுமாரியை எப்படி அடுக்க வேண்டும் என்று மனைவி சுபோதினிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கோயில் மண்டபத்தில் நிறுவகத்தின் அறிவித்தலைப் பார்த்தவுடன் அவரைப் பெயர் கொடுக்க வைத்தவள் சுபோதினிதான். ஆய்வுக்குத் தொண்டர்கள் தேவை, இரத்தப் பரிசோதனை இலவசம், குளிசை இலவசம், வருகிற நாளில் பால்தேத்தண்ணியும் மரக்கறி ரோல்ஸும் உண்டு என்று அதில் இருந்தது.

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அதன் பிறகு, முந்திய பரிசோதனைகளில் உயிர்நீத்த இரத்தக் குழியங்களுக்காக ஒரு நிமிட மௌனம். அதன் பிறகு உறுதிமொழி. ஒவ்வொருவரும் வலது கையால் இடது புயத்தைப் பிடித்துக்கொண்டு, 'என் உடம்பில் வசிக்கும் வெண்குழியங்களின் சார்பிலும் அவற்றின் முழுச் சம்மதத்துடனும்' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். குழியங்களிடம் எப்போது சம்மதம் வாங்கினோம் என்று பக்கத்திலிருந்தவர் நாகேந்திரத்திடம் முணுமுணுத்தார். அப்படிக் கேட்டவருடைய பெயரை அடுத்த தடவை கூப்பிடவில்லை.

நிறுவகத்தின் பணிப்பாளர் பேராசிரியர் குலவீரசிங்கம் மேடைக்கு வந்தார். வீட்டில் அவர் எப்படிக் கதைப்பாரோ தெரியாது. மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மைக்குக்கு முன்னால் நிற்பதுபோலத்தான் வெளியே கதைப்பார்.

"வெண்குழியம் என்பவன் யார்? நம் குருதியின் படைவீரன்" என்றார். "நாங்கள் உங்கள் இரத்தத்தில் ஒரு சாயத்தைக் கலந்து, அதற்குள் கிருமியை விடுவோம். எந்தக் குழியம் கிருமியோடு பொருதுகிறதோ அது நீலமாக மாறும். எது சும்மா இருக்கிறதோ அது வெளிறிப்போய் இருக்கும். நீலம் வீரம். வெளிறல் கோழைத்தனம். அக்கினிசாந்தி உங்கள் ஒவ்வொருவரின் குருதியையும் நீலக் கடலாக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். பாதிப் பேருக்கு உண்மைக் குளிசையும் மற்றப் பாதிக்கு வெறும் மாக் குளிசையும் கொடுக்கப்படும் என்றும், யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது என்றும் விளக்கப்பட்டது. கொடுக்கிறவள் டோரின். கொட்டாஞ்சேனைப் பெண். நேர்ஸ் வேலை அவளுடையது. இரத்தம் எடுப்பது, போத்தல் கொடுப்பது, வெறும் போத்தலைத் திரும்ப வாங்குவது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாமும் அவளுடையதுதான். மிச்சமிருந்த வேலையைப் பேராசிரியர்கள் பார்த்தார்கள்.

நாகேந்திரம் போத்தலோடு வீட்டுக்கு வந்தார். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு நல்ல பொருள் கைக்கு வந்தால் அதை அனுபவிப்பதைப் பற்றி யாரும் யோசிக்கமாட்டார்கள், இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். வெளிநாட்டுச் சவர்க்காரம், முழங்கால் வலித் தைலம், பேரப்பிள்ளையின் பழைய சப்பாத்து என்று 'காலி வீதி' எனும் பெருந்தெருவில் அந்த பஸ்களின் வயிற்றுக்குள் போகாத பொருள் கிடையாது. நாகேந்திரத்துக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு தங்கச்சி இருந்தாள், சிவமணி. புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், துணைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காய்ச்சல் ஒன்று வந்து போன பிறகு உடம்பில் பலமே இல்லை என்று போன கிழமைதான் சொல்லியிருந்தாள்.

"எனக்கென்ன குறை? நான் குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறன்" என்று சுபோதினியிடம் சொல்லிவிட்டு, போத்தலைப் பேப்பரில் சுற்றி, பெயரும் ரெலிபோன் நம்பரும் எழுதி கொண்டக்டரின் கையில் கொடுத்தார். இது களவு என்றோ பிழை என்றோ அவருக்குத் துளியும் தோன்றவில்லை. மருந்து சுகமில்லாதவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். தங்கச்சிமேல் அவருக்கு அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தை வேறு எந்த வழியில் காட்டுவது என்று அவருக்குத் தெரியாது.

வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த போத்தல் கிடைக்கும். ஆகவே போத்தல் பஸ்ஸில் திரும்பி வந்தது. ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது சிவமணியின் பழக்கத்தில் இல்லை. சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்த கோப்பித் தூளை அதற்குள் நிரப்பி அனுப்பியிருந்தாள். சுபோதினி தூளை வேறு போத்தலுக்கு மாற்றிவிட்டுக் கழுவிக் கொடுத்தாள். மணம் போகவில்லை.

"அங்கிள், என்னா இது போத்தல் எல்லாம் கோப்பி மணக்குது?" என்று டோரின் கேட்டாள்.

"கோப்பியோடதான் பிள்ளை குடிக்கிறனான்."

டோரின் அதை எழுதிக்கொண்டாள். ஒரு குளிசையும் மீதமில்லாமல் விழுங்கும் ஒழுங்கான தொண்டர் என்று அடுத்த கூட்டத்தில் நாகேந்திரத்தை எழுப்பி நிறுத்திக் காட்டினார்கள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். கொஞ்சம் சந்தோஷமும் பட்டார், அதை மறைப்பானேன்.

இப்படி மாதங்கள் ஓடின. சிவமணி ரெலிபோனில் முதலில் நல்லதாகத்தான் சொன்னாள். குளிசை குடித்தால் வயிறு குளிருகிறதாம், நித்திரை வருகிறதாம். பிறகு முதுகில் ஒரு சீழ்க்கட்டு வந்தது. அது உடைந்து ஆறுவதற்குள் கமக்கட்டில் இன்னொன்று. பிறகு முற்றத்தில் ஏதோ கல்லுக் குத்தி, கால் பெருவிரலில் ஒரு புண்.

"ஆறுதில்லை அண்ணை" என்றாள். "நோவும் பெரிசா இல்லை. ஆனா கறுத்துக்கொண்டு வருது."

"குளிசையை விட்டிடாத. அது எதிர்ப்புச் சக்திக்குத்தான்" என்றார் நாகேந்திரம்.

"விடேல்லை. கெதியாச் சுகம் வரட்டும் எண்டு இப்ப காலையும் மாலையும் போடுறன்."

"அது நல்லம்" என்று சொன்னார். அந்த இரண்டு வார்த்தைகளை அவர் பிறகு எத்தனை தரம் நினைத்து நினைத்துக் குமைந்தார் என்பதற்குக் கணக்கில்லை.

ஆய்வு முடிந்து, யாருக்கு எந்தக் குளிசை என்ற இரகசியத்தை உடைத்தார்கள். உடைத்த பிறகு பேராசிரியர் குலவீரசிங்கம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாக் குளிசை விழுங்கியவர்களின் குழியங்கள் எல்லாம் நல்ல நீலம். அக்கினிசாந்தி விழுங்கியவர்களின் குழியங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளிறல். கிருமியை விட்டுப் பார்த்தார்கள், கிண்டிப் பார்த்தார்கள், சாயத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

ஒரே ஒருவரைத் தவிர. அக்கினிசாந்திப் பட்டியலில் இருந்த நாகேந்திரத்தின் குழியங்கள் மட்டும் கருநீலமாக மின்னிக்கொண்டிருந்தன.

விஞ்ஞானம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. நிறுவகம் என்ன செய்தது என்று தெரியும். மற்ற எல்லாரையும் 'இன்னும் பக்குவமடையாத உடம்புகள்' என்று ஒதுக்கிவிட்டு, நாகேந்திரத்தை வைத்து அறிக்கை எழுதியது. குழப்பமான பலரைவிடத் தெளிவான ஒருவரே மேல் என்று பேராசிரியர் விளக்கினார். குளிசையைக் கோப்பியுடன் அருந்துவது குறித்து ஒரு தனி அத்தியாயமும் சேர்க்கப்பட்டது.

நாகேந்திரத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய ஒரு குழியத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து அச்சடித்து, அதன் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் பேப்பரில் வந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன்கூட மரியாதையாகக் கதைத்தான். உண்மையைச் சொல்லத்தான் நாகேந்திரம் வாயைத் திறந்தார். ஆனால் பொன்னாடை நல்ல பாரமான பட்டு. நாற்பது வருஷம் கப்பல் கொம்பனிக்கு உழைத்தவருக்குப் போகும்போது ஒரு மணிக்கூடுதான் கொடுத்திருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

படி இறங்கும்போதுதான் டோரினிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "பிள்ளை, மற்ற ஆக்களின்ர ஏன் வெளிறிக் கிடக்கு?"

டோரின் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், வெள்ளை அணு கிருமியப் பிடிச்சு முழுங்கும். முழுங்கினதுக்குப் பொறகு உள்ளுக்கு நெருப்பு மாதிரி ஒண்டு மூட்டித்தான் அதைச் சாகடிக்கும். அந்த நெருப்புக்குத்தான் நீலம் வரும். இந்தக் குளிசை நெருப்பு எல்லாத்தையும் அணைச்சிருதே. துருவையும் அணைக்குது, இதையும் அணைக்குது."

"அப்ப கிருமி?"

"அது உள்ளுக்குச் சொகமா இருக்கும்."

நாகேந்திரம் மிச்சப் படிகளையும் வேகமாக இறங்கினார். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெங்காய மணத்துக்குள் நின்றபடியே தங்கச்சிக்குப் போன் எடுத்தார். குளிசையை உடனே நிற்பாட்டச் சொன்னார். அன்றிரவு பஸ்ஸில் அவளை ஏற்றிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டாரைக் கேட்டார்.

சிவமணி வந்து இறங்கியபோது காலில் துணி சுற்றியிருந்தது. சுபோதினி துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உடனே திரும்பக் கட்டினாள். ஆட்டோ பிடித்து நேரே களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு சிங்கள இளைஞர். பொறுமையாகப் பார்த்தார். சிவமணி தன் கைப்பையிலிருந்து அக்கினிசாந்திப் போத்தலை எடுத்துப் பக்குவமாக மேசையில் வைத்தாள்.

"மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபடி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டொக்டர். ஒரு இலக்கத்தைத் தவிர அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாகேந்திரம் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, புண் எலும்புவரை போய்விட்டது என்றார். இவ்வளவு ஆழமான புண்ணுக்கு வீக்கம் வர வேண்டும், சிவக்க வேண்டும், காய்ச்சல் அடிக்க வேண்டும். ஒன்றையும் காணவில்லை. இந்த உடம்பு எதிர்த்துப் பார்க்கவேயில்லை என்றார். உள்ளே என்ன மருந்து போயிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால் அதற்கு ஏற்றமாதிரி ஏதாவது செய்து, விரலோடு நிற்பாட்டப் பார்க்கலாம். தெரியாவிட்டால் காத்திருக்க முடியாது, மேலே ஏறிவிடும்.

நாகேந்திரம் கொட்டாஞ்சேனைக்கு ஓடினார்.

நிறுவகத்தில் அவரைக் கண்டதும் பெரிய பரபரப்பு. நாயகன் தானாகவே வந்துவிட்டார் என்று படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் இன்னொரு பொன்னாடையோடு வந்தார். நாகேந்திரம் அதைக் கையால் தள்ளினார்.

"சேர், நான் ஒரு குளிசையும் குடிக்கேல்லை. எல்லாத்தையும் யாழ்ப்பாணத்துக்கு என்ர தங்கச்சிக்கு அனுப்பிப்போட்டன். அவதான் குடிச்சவ. இப்ப அவவின்ர கால் பழுதாப் போச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கிறா. இந்தக் குளிசைக்குள்ள என்ன இருக்கு எண்டு டொக்டர் கேக்கிறார். அதை மட்டும் சொல்லுங்கோ, நான் போயிடுறன்."

டொக்டர் சொன்ன வீக்கம், சிவப்பு, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தார். பேராசிரியர் பொன்னாடையை மெல்ல மடித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"நீங்கள் விஞ்ஞானத்தின் முதுகில் குத்திவிட்டீர்கள்" என்றார் கடைசியில்.

"குத்தினனான்தான் சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ன இருக்கு அதுக்குள்ள?"

"குளிசையின் உள்ளடக்கத்தை அறியும் உரிமை ஆய்வில் பங்குபற்றியவருக்கு உண்டு. வேறு எவருக்கும் இல்லை."

"நான் பங்குபற்றினனான் தானே."

"நீங்கள் குடிக்கவில்லை என்று இப்போதுதான் உங்கள் வாயால் சொன்னீர்கள். குடிக்காதவர் எப்படிப் பங்குபற்றியவர் ஆவார்?"

"அப்ப தங்கச்சி கேக்கட்டும். அவ குடிச்சவ."

"அவர் குடித்தார். ஆனால் உறுதிமொழி எடுக்கவில்லை. அவருடைய குழியங்களின் சம்மதம் எங்களிடம் இல்லை. நிறுவகத்தைப் பொறுத்தவரை உங்கள் தங்கை எங்கள் குளிசையைக் குடிக்கவேயில்லை."

"கால் கறுத்துப்போய்க் கிடக்கு சேர்."

"அந்தக் கால் எங்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே இருக்கிறது. கேட்க உரிமையுள்ளவர் ஒருவர் கேட்டால் இந்தக் கணமே சொல்லிவிடுவேன். அப்படி ஒருவர் இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

பேராசிரியருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் நாகேந்திரத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் கும்பிட்டுப் பார்த்தார். மேசையில் கையால் அடித்தும் பார்த்தார். காவலாளி வந்து கையைப் பிடித்து, படி வழுக்கும் ஐயா என்று பக்குவமாகச் சொல்லி இறக்கிவிட்டான். டோரின் பின்னாலேயே ஓடிவந்தாள். அந்த 'வேறு சிலது' என்ன என்று தனக்கும் சொன்னதில்லை, வெள்ளைப் பீப்பாயில் வருகிறது, பீப்பாயில் பெயர் இல்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் களுபோவிலவுக்குத் திரும்பிப் போனபோது கையில் கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் சிவமணியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நாயகன் இல்லாமல் போன பிறகு நிறுவகம் இடிந்து உட்கார்ந்துவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு நிறுவகங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. உயர்பீடம் கூடிற்று. அடிப்படைப் பிரச்சினை குளிசையில் இல்லை, நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. நீலம் நல்லது, வெளிறல் கெட்டது என்று யார் சொன்னது? நிறுவகம்தான் சொன்னது. அப்படியானால் அதை மாற்றிச் சொல்லும் அதிகாரமும் நிறுவகத்துக்குத்தான் இருக்கிறது.

அக்கினிசாந்தி அறிமுக விழா வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்திய நாள் கல்யாணத்தின் மணவறையைக் கழற்ற நேரமில்லை. ஆகவே மாப்பிள்ளைச் சிம்மாசனத்தில் பேராசிரியர் உட்கார்ந்தார். பெண்ணின் சிம்மாசனத்தில் குழியம் பார்க்கிற நுணுக்குக்காட்டிக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். நாகேந்திரம் கடைசி வரிசையில் வந்து இருந்தார். மண்டபம் நிரம்பிப் போயிருந்தது. அவர்களில் ஒருவராவது தான் சொல்லப்போகும் உண்மையைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவர் நினைப்பு. இன்னொரு வீட்டில் இன்னொரு கால் போகக்கூடாது.

"அன்பர்களே" என்று பேராசிரியர் தொடங்கினார். "வெண்குழியங்களைப் படைவீரர் என்று நானே ஒரு காலத்தில் சொன்னேன். அது பழைய பார்வை. கொஞ்சம் சிந்தியுங்கள். ஒரு கிருமி வருகிறது. அதுவும் ஓர் உயிர்தானே. நமது பழைய குழியம் என்ன செய்தது? விசாரணை உண்டா, பேச்சுவார்த்தை உண்டா? நெருப்பு வைத்துக் கொளுத்தியது. அந்தக் கொலைவெறியின் நிறத்தைத்தான் நாங்கள் வீரம் என்று கொண்டாடினோம்.

"அக்கினிசாந்தி அருந்திய குழியமோ கிருமியை உள்ளே அழைக்கிறது. இருக்க இடம் கொடுக்கிறது. கிருமி தன் பாட்டைப் பார்க்கிறது, குழியம் தன் பாட்டைப் பார்க்கிறது. எவரும் எவரையும் கேள்வி கேட்பதில்லை. இதற்கு நாங்கள் இட்டிருக்கும் பெயர் குழிய நல்லிணக்கம். இந்த நாட்டில் மற்றவர்கள் மேடையில் பேசுவதை நாங்கள் இரத்தத்தில் செய்துகாட்டியிருக்கிறோம்."

கைதட்டல் ஓய்வதற்குள் நாகேந்திரம் எழுந்துவிட்டார். "சேர், என்ர தங்கச்சி உங்கட குளிசையைக் குடிச்சுத்தான் கால் போனது. இந்த ஆக்களுக்கு அதைச் சொல்லுங்கோ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் கோபப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வாருங்கள், வாருங்கள். அந்தச் சகோதரியைப் பற்றி நானே சொல்ல இருந்தேன். எலும்புவரை இறங்கிய புண். அப்படியான புண்ணில் சாதாரணமாக என்னென்ன அக்கிரமங்கள் நடக்கும்? வீக்கம், சிவப்பு, காய்ச்சல். இவரே என்னிடம் வந்து சொன்னார், இந்தச் சகோதரிக்கு ஒன்றுமே இல்லை. சத்திரசிகிச்சை நிபுணரின் வாக்குமூலம் அது. கடைசி நிமிடம்வரை அந்தக் காலில் ஒரு குழியமாவது கை ஓங்கவில்லை. அன்பர்களே, எத்தனையோ கால்கள் இந்த நாட்டில் போயிருக்கின்றன. எந்தச் சண்டை சச்சரவும் இல்லாமல் போன முதலாவது கால் இதுதான்."

முதலில் முன்வரிசை எழுந்து நின்றது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் நாகேந்திரத்தின் கையைப் பிடித்து, "உங்கட தங்கச்சி புண்ணியம் செய்தவ" என்றார். படம் எடுத்தார்கள். நாகேந்திரம் முகத்தை மூடிக்கொண்டது ஆனந்தக் கண்ணீரை மறைக்கத்தான் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. கையில் வலுவிருந்திருந்தால் அந்த மணவறையைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டிருப்பார். அறுபத்து மூன்று வயதில் மனுஷனுக்கு மிஞ்சுவது பல்லைக் கடிப்பது மட்டும்தான், அதிலும் பாதிப் பல் கட்டின பல்.

சிவமணியைக் களுபோவிலவிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். முன்னறை யன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டாள் சுபோதினி. யாருக்கும் பாரமாக இருக்கிறோமோ என்ற நினைப்பில் சிவமணி தண்ணீர்கூடக் கேட்டு வாங்குவதில்லை. தாகமாக இருந்தாலும் யாராவது கொண்டுவரும்வரை இருந்துவிடுவாள். நாகேந்திரம் நாள்தோறும் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சொல்ல வேண்டும் என்று வருவார், போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்தைக் கண்டதும் வெளியே போய்விடுவார்.

ஒரு பின்னேரம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணை, உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு மணி."

"அந்தக் குளிசை. நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினீங்கள். நான் இடைக்கிடை போட மறந்துபோனன். கோயில் கொடியேற்றத்துக்குப் போன நேரம் அப்பிடியே விட்டிட்டன். ஒழுங்காப் போட்டிருந்தா கால் தப்பியிருக்கும். இது நானே தேடிக்கொண்டது. நீங்கள் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியாதேங்கோ."

நாகேந்திரம் கட்டில் விளிம்பில் இருந்தார். இருந்து எல்லாவற்றையும் சொன்னார். நீலம், வெளிறல், மாக் குளிசை, டோரின் படியில் சொன்னது, 'அது நல்லம்' என்று தான் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. "உன்ர காலை எடுத்தது புண் இல்லை மணி. நான் அனுப்பின குளிசை. நான்தான்" என்றார். சொல்லி முடித்தபோது அவர் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார். குசினியிலிருந்து சுபோதினி வந்து வாசலில் நின்றாள்.

சிவமணி அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னைத் தேற்றுறதுக்காக இப்பிடியெல்லாம் சொல்லாதேங்கோ அண்ணை" என்றாள். "பேப்பரில எல்லாம் வாசிச்சனான். உங்கட படத்தையும் கண்டனான். இவ்வளவு படிச்ச மனுசர் பொய் சொல்லுவினமே?"

நாகேந்திரம் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. அவள் முகத்தில் இருந்த பாரம் இறங்கியது.

"அந்தப் பேராசிரியரிட்ட எனக்காக ஒருக்காக் கதையுங்கோ" என்றாள். "மற்றக் கால் இருக்குத்தானே. இனிக் குளிசையை ஒருநாளும் தவறவிடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."